கேட்டீர்கள், சொல்கிறோம்: காலநிலை மாநாடுகளில் நடக்கும் பேரம்

பசுமை இல்ல வாயுக்களின் உமிழ்வைக் குறைக்க உலக நாடுகள் ஐ.நா. காலநிலை மாநாட்டில் இரண்டு வாரம் கூடி நடத்தும் பேச்சுவார்த்தை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எந்த நாடு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஐ.நா. சபையா?

இல்லை. இன்றைய முறைப்படி அந்தந்த நாடேதான் முடிவு செய்கிறது. முன்பு அப்படி இருக்கவில்லை. 1997-இல் ஜப்பானின் கியோட்டோவில், வளர்ந்த நாடுகளுக்கான எண்களைப் பேரம் பேசி முடித்து, நெறிமுறையின் பின்னிணைப்பிலேயே எழுதிவைத்தார்கள். 1990 அளவோடு ஒப்பிட்டு, 2008 முதல் 2012 வரையிலான காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 8%, அமெரிக்கா 7%, ஜப்பான் 6% குறைக்க வேண்டும். ரஷ்யா அதே அளவில் நிற்கலாம். ஆஸ்திரேலியா 8%, ஐஸ்லாந்து 10% கூட்டிக்கொள்ளவே அனுமதி பெற்றன.

எண்கள் கையில் இருந்தும் அந்த ஏற்பாடு தள்ளாடியது. வளரும் நாடுகளுக்குக் கடமை இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்று அமெரிக்க செனட் அந்த ஆண்டு ஜூலையிலேயே 95–0 என்ற வாக்கில் தீர்மானம் போட்டிருந்தது. அமெரிக்கா கடைசிவரை கியோட்டோவுக்கு ஒப்புதல் அளிக்கவில்லை. நெறிமுறை அமலுக்கு வர 55 நாடுகளின் ஒப்புதலோடு, வளர்ந்த நாடுகளின் 1990 கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 55 சதவீதமும் சேர வேண்டும் என்பது விதி. அமெரிக்கா விலகி நின்றதால் ரஷ்யாவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 2005 பிப்ரவரி 16 அன்றுதான் அமலுக்கு வந்தது. 2011-இல் கனடா வெளியேறுவதாக அறிவித்தது.

2015 பாரிஸ் ஒப்பந்தம் இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை சமர்ப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒருபடி மேலே இருக்க வேண்டும். வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு வெகுவாகக் கீழே நிறுத்துவதும், 1.5 டிகிரிக்குள் அடக்க முயல்வதும் பொது இலக்கு. ஆக, குறைப்பின் அளவு உள்நாட்டு அமைச்சரவையில் முடிவாகிறது. அதைக் கணக்கிடும் விதிகள், அறிக்கை தரும் காலம், பணம் தருவோர் யார், பொது அறிவிப்பின் சொற்கள் ஆகியவைதான் மாநாட்டில் முடிவாகின்றன. மாநாட்டுச் செய்திகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: இரண்டு வாரமும் உள்ளே என்னதான் செய்கிறார்கள்? எல்லாம் கடைசி இரவில்தானே முடிகிறது?

கடைசி இரவில் முடிவது உண்மைதான். ஆனால் வேலை ஜூன் மாதமே ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கிவிடும். அறிவியல்–தொழில்நுட்ப ஆலோசனைக்கு ஒரு துணை அமைப்பு, நடைமுறைப்படுத்தலுக்கு இன்னொன்று என இரண்டும் அங்கே கூடி வரைவுகளைத் தயாரிக்கின்றன.

முதல் சண்டை நிகழ்ச்சிநிரலில் வரும். நிரலில் இல்லாத விஷயத்துக்குக் கூட்ட அறை கிடையாது, நடத்துநர் கிடையாது, வரைவும் கிடையாது. அதனால்தான் சில நாடுகள் முதல் நாளிலேயே பிடிவாதம் பிடிக்கின்றன. 2013 ஜூனில் பான் கூட்டத்தில், முடிவெடுக்கும் முறை குறித்துத் தனி அம்சம் வேண்டும் என்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் மூன்றும் நின்றன. நடைமுறைப்படுத்தல் அமைப்பின் நிரல் ஏற்கப்படாமலேயே இரண்டு வாரமும் வீணாயின.

நிரல் ஏற்கப்பட்டதும் ஒவ்வோர் அம்சத்துக்கும் ஒரு குழு அமைப்பார்கள். வழக்கமாக இரண்டு இணை நடத்துநர்கள், வளர்ந்த நாட்டிலிருந்து ஒருவர், வளரும் நாட்டிலிருந்து ஒருவர். எல்லோர் கருத்தையும் கேட்டு அவர்கள் முதல் வரைவை எழுதுவார்கள். ஏற்காத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடும்படி எந்த நாடும் கேட்கலாம். நாங்களே அமைத்த ஒரு மாதிரி வரி:

"[வளர்ந்த நாடுகள்] [எல்லா நாடுகளும்] நிலக்கரி மின் உற்பத்தியை 2035-க்குள் [நிறுத்த] [குறைக்க] [வேண்டும்] [முயலலாம்]."

ஒரே வரிதான். ஆனால் மூன்று இடங்களில் இரண்டிரண்டு தேர்வு இருப்பதால் எட்டு வெவ்வேறு வாக்கியங்கள் இதற்குள் இருக்கின்றன. 'வளர்ந்த நாடுகள் நிறுத்த வேண்டும்' என்பதும் 'எல்லா நாடுகளும் குறைக்க முயலலாம்' என்பதும் ஒரே வரைவிலிருந்து வருபவை. முழு வரியையும் சுற்றி இன்னோர் அடைப்புக்குறி போட்டால் ஒன்பதாவது தேர்வும் உண்டு, இந்த வரியே வேண்டாம் என்பது. பாரிஸுக்கு முன் 2015 பிப்ரவரியில் ஜெனீவாவில் உருவான வரைவு இப்படிப்பட்ட தேர்வுகளோடு 80 பக்கங்களைத் தாண்டியது.

அடைப்புக்குறியை நீக்குவதுதான் பேச்சுவார்த்தையாளரின் அன்றாட வேலை. ஒரு சொல்லில் குழு சிக்கிக்கொண்டால், எதிரெதிர் நிலை கொண்ட நான்கைந்து பேரை அறையின் மூலையில் நிற்கவைத்தே பேசவிடுவார்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட சொல்லை மற்றவர்கள் பெரும்பாலும் ஏற்பார்கள். முதல் வாரக் கடைசியில் துணை அமைப்புகள் முடிந்துவிடும். அதுவரை தீராதவை இரண்டாம் வாரம் அமைச்சர்களிடம் போகும். அவர்களும் தீர்க்காதவற்றுக்கு மாநாட்டுத் தலைவர் தானே ஒரு சுத்தப் பிரதி எழுதி முன்வைப்பார்.

இங்கே அடிபடுபவை சின்ன நாடுகள். ஒரே நேரத்தில் பல அறைகளில் கூட்டம் நடக்கும்போது, விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிநிதிகளோடு வந்த தீவு நாடு எந்த அறையில் உட்காரும்? அதனால்தான் அணிகள் உருவாயின. 134 வளரும் நாடுகளின் ஜி77 மற்றும் சீனா, 39 உறுப்பினர் கொண்ட சிறு தீவு நாடுகள் கூட்டணி, மிகவும் பின்தங்கிய நாடுகளின் குழு ஆகியவை சார்பில் ஒருவர் பேசினால் அத்தனை பேரும் பேசிய கணக்கு. மாநாடு கெடு தாண்டி நீளும்போது, விமானச்சீட்டை மாற்ற வசதியில்லாதவர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். 2023 துபாய் மாநாட்டில், சிறு தீவு நாடுகள் வெளியே தங்களுக்குள் கலந்து பேசிக்கொண்டிருந்தபோதே முடிவு நிறைவேறிவிட்டது. நாங்கள் அறையில் இல்லையே என்று அவர்கள் சார்பில் சமோவா பிரதிநிதி பிறகு பதிவு செய்தார். கடல் விழுங்கிவிடும் அபாயத்தில் முதலில் நிற்பவர்களுக்கு இது நடந்தது என்பதை மறக்க முடியவில்லை.

முடியாமல் போன அம்சம் அடுத்த கூட்டத்தின் நிரலுக்குத் தானாகப் போய்விடும். எண் 16 கொண்ட நடைமுறை விதி அது.

கேள்வி: 'நிறுத்துவோம்', 'குறைப்போம்' என்று ஒரு சொல்லுக்காக விடிய விடியச் சண்டை போடுவது வீண் வேலை இல்லையா?

வீண் இல்லை. பாரிஸில் கடைசி நாளன்று வெளியான பிரதியில், வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுமைக்குமான குறைப்பு இலக்கை மேற்கொள்வதைக் கட்டாயமாக்கும் 'ஷல்' என்ற ஆங்கில வினை இருந்தது. அமெரிக்கா அதிர்ந்தது. சட்டக் கடமை என்றால் செனட்டின் ஒப்புதல் தேவைப்படும், அது கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். கட்டாயமில்லாத 'ஷுட்' என்று மாற்றி, அச்சுப்பிழைத் திருத்தங்களோடு சேர்த்து வேகமாக வாசித்துவிட்டார்கள். ஒப்பந்தம் பிழைத்தது அந்த ஒரு திருத்தத்தால்.

2021 கிளாஸ்கோவில் நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்றிருந்ததை, இறுதிக் கூட்டத்தில் இந்தியாவும் சீனாவும் கேட்டு 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றின. தலைமை தாங்கிய அலோக் சர்மா மேடையிலேயே கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். ஒழிப்பதற்கு முடிவு நாள் உண்டு, குறைப்பதற்கு இல்லை. ஆனால் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அன்று எந்தச் சொல்லும் கிடைக்கவில்லை என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். புதைபடிவ எரிபொருள் முழுவதிலிருந்தும் 'விலகிச் செல்வது' என்ற சொல் வர 2023 துபாய் வரை காத்திருக்க நேர்ந்தது.

கேள்வி: இந்தியா 2030-க்குள் 45% என்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 55% என்கிறது. இரண்டையும் ஒப்பிடலாமா?

அப்படியே ஒப்பிட முடியாது. ஐரோப்பாவின் 55%, 1990-இன் மொத்த உமிழ்விலிருந்து கழிப்பது. இந்தியாவின் 45%, 2005-ஐ ஒப்பிட்டு, உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு உமிழ்வு என்ற செறிவில் கழிப்பது. செறிவு 45% குறைந்தால் மீதி 0.55. அதே காலத்தில் ஒரு நாட்டின் பொருளாதாரம் 4 மடங்கானால் மொத்த உமிழ்வு 0.55 × 4, அதாவது 2.2 மடங்கு ஆகும். இலக்கு நிறைவேறியும் உமிழ்வு கூடும். இதை ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது. தலைக்கு உமிழ்வு குறைவாக உள்ள, வளர வேண்டிய நாடு செறிவு இலக்கை வைப்பது நியாயமே. ஆனால் செறிவை மொத்தக் குறைப்பு போலச் செய்தியில் எழுதுவது தவறு.

அடுத்து அடிப்படை ஆண்டு. 1990-ஐ ஒட்டிக் கிழக்கு ஐரோப்பாவின் பழைய ஆலைகள் மூடப்பட்டன, பிரிட்டன் நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறியது. ஆகவே ஐரோப்பாவுக்கு 1990 வசதி. அமெரிக்க உமிழ்வு உச்சத்தை ஒட்டி இருந்தது 2005-இல். அவர்களுக்கு அந்த ஆண்டு வசதி. ஒரு நாட்டின் உமிழ்வு 1990-இல் 100, 2005-இல் 120 என்று வையுங்கள். '2005-லிருந்து 50%' என்றால் 60-க்கு வர வேண்டும். 1990-ஐ வைத்துப் பார்த்தால் அது 40% குறைப்புதான்.

எதுவும் செய்யாவிட்டால் இவ்வளவு ஆகியிருக்கும் என்று கற்பனையாக ஒரு கோடு வரைந்து, அதிலிருந்து கழிக்கும் இலக்குகளை இன்னும் கவனமாகப் படியுங்கள். அந்தக் கோடு உயரமாக இருந்தால் குறைப்பு பெரிதாகத் தெரியும். காடுகள் உறிஞ்சுவதைக் கழித்த நிகர எண்ணா, கழிக்காத எண்ணா என்பதும் முக்கியம். காட்டின் கணக்கில் பிழைக்கு இடம் அதிகம், ஒரு பெரிய காட்டுத்தீ அதைக் கலைத்துவிடும். கடைசியாக, இலக்கு முழுவதும் சொந்தப் பொறுப்பா, வெளிநாட்டு நிதி வந்தால்தானா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு நாடு 'வேண்டாம்' என்றால் 190 நாடுகளும் நிற்க வேண்டுமா? வாக்கெடுப்பு நடத்தினால் என்ன?

1995-இல் பெர்லினில் கூடிய முதல் மாநாட்டிலேயே வாக்கெடுப்பு விதியில் உடன்பாடு வரவில்லை. அந்த 42-ஆம் விதியை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற விதிகளைப் பின்பற்றுகிறார்கள், இன்றுவரை. அதனால் யாரும் முறைப்படி ஆட்சேபிக்காத கருத்தொற்றுமையே வழி. 2009 கோபன்ஹேகனில் சில நாடுகள் எதிர்த்ததால், தலைவர்கள் பேசி முடித்த உடன்பாடு 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற அளவோடு நின்றது. மறு ஆண்டு கான்கூனில் பொலிவியா மட்டும் எதிர்த்தபோது, தலைமை தாங்கிய மெக்ஸிகோவின் பத்ரீசியா எஸ்பினோசா, ஒரு நாட்டுக்கு ரத்து அதிகாரம் இல்லை என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டார். ஆக, எத்தனை நாடுகள், எவ்வளவு பெரிய நாடுகள் எதிர்க்கின்றன என்று தலைவர் எடைபோடுகிறார் என்பதே நடைமுறை. எங்கள் கருத்தில் வாக்கெடுப்பு வந்தாலும் உமிழ்வு பெரிதாகக் குறைந்துவிடாது. தோற்ற பெரிய நாடு வெளியேறிவிடும். பாரிஸ் ஒப்பந்தத்தில் அறிவிப்பு கொடுத்து ஓராண்டில் விலகலாம், அமெரிக்கா அதைச் செய்தும் காட்டியது. நடைமுறைச் சிக்கல்களுக்காவது வாக்கெடுப்பு இருந்தால் 2013 போன்ற இழப்புகளைத் தவிர்க்கலாம்.

கேள்வி: சொன்னதைச் செய்யாவிட்டால் தண்டனை உண்டா?

பாரிஸில் இல்லை. அதன் இணக்கக் குழு தண்டிக்காத, மோதல் போக்கற்ற, உதவும் குழு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கியோட்டோவில் அபராதம் இருந்தது, மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் அடுத்த கட்டத்தில் 1.3 டன் கழிப்பார்கள். அடுத்த கட்டத்தில் சேராவிட்டால் அதுவும் இல்லை. இப்போது இருக்கும் பிடி, இரண்டாண்டுக்கு ஒருமுறை தரும் வெளிப்படைத்தன்மை அறிக்கை; முதல் தவணைக்குக் கெடு 2024 டிசம்பர் 31. வெளி நிபுணர்கள் அதைப் பரிசோதிப்பார்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டு தொடங்கிவைத்த முயற்சியில், 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்குக் காலநிலையைக் காக்கும் சட்டக் கடமை உண்டு என்று கருத்துரை வழங்கியது. உள்நாட்டு வழக்குகளில் அது பயன்படும்.

கேள்வி: வேறு நாட்டில் குறைத்துவிட்டுத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாமாமே?

பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உதாரணமாக, 'அ' நாடு பணம் கொடுத்து 'ஆ' நாட்டின் குப்பைக் கிடங்கு மீத்தேனைப் பிடித்து எரிக்கிறது. ஒரு டன் மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இப்படி 1,00,000 டன் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். 'ஆ' நாட்டின் உமிழ்வுப் பட்டியலிலும் இது தானாகவே குறைந்து தெரியும். 'அ' நாடும் எழுதிக்கொண்டால் ஒரே குறைப்பு இரண்டு முறை எண்ணப்படும். எனவே விற்ற 'ஆ' தன் கணக்கில் 1,00,000 டன்னைத் திரும்பக் கூட்ட வேண்டும். 2021 கிளாஸ்கோவில் முடிவான விதி இது. ஐ.நா. மேற்பார்வையில் நடக்கும் சந்தையில், காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க உதவும் தகவமைப்பு நிதிக்கு 5%, யாரும் கணக்கில் எழுதாதபடி வளிமண்டலத்துக்காக நிரந்தரமாக ரத்து செய்ய 2% போக, கைக்கு வருவது 93,000.

கணக்கு சரியாக இருந்தும் திட்டம் கெட்டுப்போகலாம். கியோட்டோ காலத்தில் குளிர்பதனப் பொருள் ஆலைகளில் துணைப்பொருளாக வரும் எச்எஃப்சி-23 என்ற பசுமை இல்ல வாயுவை அழித்தால், விற்கக்கூடிய உமிழ்வுக் குறைப்புச் சான்றுகள் கிடைத்தன. ஒரு டன் அழித்தால் 11,700 சான்று. அழிக்கும் செலவோ சொற்பம். விளைவு, அழிப்பதற்காகவே கூடுதலாக உற்பத்தி செய்யும் ஆசை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் அந்தச் சான்றுகளை ஏற்பதை நிறுத்தியது.

கேள்வி: குறைப்பு பற்றிப் பேசும் இடத்தில் எப்போதும் பணம் ஏன் குறுக்கே வருகிறது?

சூரிய, காற்று மின்சாரத்தில் எரிபொருள் செலவு இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே முதலிலேயே போடும் முதலீடு. அதனால் வட்டி விகிதம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. கடன் வட்டி அதிகமான ஏழை நாட்டில் அதே சூரியத் தகடு விலை கூடிய மின்சாரத்தைத் தருகிறது. மலிவான நிதி இல்லாமல் பெரிய இலக்கு எழுது என்பது அவர்களுக்குச் சாத்தியமில்லாத கோரிக்கை. 2009-இல் ஒப்புக்கொண்ட ஆண்டுக்கு 10,000 கோடி டாலரை 2020-க்குள் தருவதாக வாக்களித்தார்கள், எட்டியது 2022-இல். அதிலும் பெரும்பகுதி கடன். 2024-இல் அஜர்பைஜானின் பாகூவில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானது; வளரும் நாடுகள் கேட்டது 1,30,000 கோடி. சுத்தியல் தட்டிய பிறகு இந்தியா எழுந்து ஆட்சேபித்தது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: கப்பலும் விமானமும் யார் கணக்கு?

நாடு விட்டு நாடு போகும் பயணத்தின் உமிழ்வு எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. பட்டியலில் தனியே குறிப்பிடுவார்கள். பொறுப்பு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பிடமும் சர்வதேசக் கடல்சார் அமைப்பிடமும் இருக்கிறது. கப்பல்களுக்கான உமிழ்வுக் கட்டண ஏற்பாட்டின் மீதான முடிவை 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள்.

கேள்வி: முப்பது ஆண்டு பேசி என்ன பயன்?

பாரிஸுக்கு முன், கூடுதல் நடவடிக்கை எதுவும் இல்லாத பாதையில் 2100-க்குள் 3.7 முதல் 4.8 டிகிரி என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி மதிப்பிட்டது. 2025-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கில், இப்போதைய கொள்கைகளில் 2.8, எல்லா இலக்குகளும் நிறைவேறினால் 2.3 முதல் 2.5. பேச்சும் மலிவான சூரிய மின்சாரமும் சேர்ந்து செய்தது இது. போதாது. 1.5 டிகிரிக்கு, 2019 அளவிலிருந்து 2030-க்குள் 43% குறைய வேண்டும்.

உண்மையில் பலன் தந்த பேரம் பக்கத்து அறையில் நடந்தது. ஓசோனுக்கான 1987 மான்ட்ரியல் நெறிமுறையில் பொருட்கள் சில, உற்பத்தியாளர்கள் சிலர், மாற்றுப் பொருள் தயார். சேராத நாட்டோடு வணிகத் தடை, ஏழை நாடுகளுக்குத் தனி நிதி, தேவைப்பட்டால் வாக்கெடுப்பு. அதே ஏற்பாட்டில் 2016 கிகாலி திருத்தம், குளிர்பதனத்தில் பயன்படும் எச்எஃப்சி வாயுக்களையும் சேர்த்தது. நூற்றாண்டு இறுதிக்குள் 0.5 டிகிரி வரை தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு. மீத்தேனுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் ஏன் கூடாது என்று நாங்கள் தொடர்ந்து கேட்போம். 2021-இன் மீத்தேன் உறுதிமொழி, 2030-க்குள் 30% என்பது, தானாக முன்வருவோருக்கு மட்டும்.

கேள்வி: பள்ளியில் மாதிரிக் காலநிலை மாநாடு நடத்துகிறோம். எல்லாரும் உரையாற்றி, வாக்கெடுத்து முடிந்துவிடுகிறது. எப்படி மாற்றலாம்?

உரைகளை விட்டுவிடுங்கள். 24 மாணவர்கள், மூன்று மணி நேரம் போதும். இரண்டு நடத்துநர்கள், ஒரு தலைவர் போக மீதிப்பேரை ஆறு அணியாகப் பிரியுங்கள். சிறு தீவுகள், பின்தங்கிய நாடுகள், பெரிய வளரும் பொருளாதாரங்கள், எண்ணெய் ஏற்றுமதியாளர்கள், ஐரோப்பா, பிற செல்வந்த நாடுகள். தீவு அணிக்கு இரண்டே பேர். ஒவ்வோர் அணிக்கும் மூடிய சீட்டில் மூன்று வரி கொடுங்கள்: கட்டாயம் வேண்டியது, விட்டுக்கொடுக்கக்கூடியது, ஒருபோதும் ஏற்கக் கூடாதது. சீட்டுகள் ஒன்றோடொன்று கொஞ்சமாவது ஒத்துப்போகும்படி எழுதுங்கள், இல்லையென்றால் முடிவே வராது.

வரைவு இரண்டு பத்திகள் போதும், ஒன்று உமிழ்வுக் குறைப்பு, ஒன்று நிதி. ஒவ்வொன்றிலும் எட்டு அடைப்புக்குறிகள். முதல் 20 நிமிடம் அணிகள் தனியே கூடட்டும். பிறகு இரண்டு பத்திகளையும் ஒரே நேரத்தில் இரு மூலைகளில் விவாதியுங்கள். தீவு அணியின் இருவர் பிரிந்து ஓட வேண்டியிருக்கும், அது தெரியத்தான் இந்த ஏற்பாடு. வாக்கெடுப்பு கிடையாது. ஆட்சேபிப்பவர் மாற்றுச் சொல்லையும் தர வேண்டும் என்று நடத்துநர் வற்புறுத்தட்டும். ஒரு அணி 'நிதிப் பத்தி முடியாமல் குறைப்புப் பத்திக்குச் சம்மதம் இல்லை' என்று சொன்னால் தடுக்காதீர்கள்.

கடைசி 20 நிமிடத்துக்கு முன் தலைவர் அடைப்புக்குறி இல்லாத பிரதியை முன்வைக்க வேண்டும். அதில் திருத்தம் இல்லை, ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். ஏற்றால், ஒப்புக்கொண்ட சதவீதங்களை ஒரே அடிப்படை ஆண்டுக்கு மாற்றிக் கரும்பலகையில் கூட்டிப் பாருங்கள், 43 சதவீதத்துக்கு எவ்வளவு தூரம் என்று. மறுத்தால், 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி அப்படியே விடுங்கள். ஆசிரியர் தலையிட்டு முடித்துவைக்கக் கூடாது.